வெடிக்கெல்லாம் போன் பண்ணலாமா

வெடிச் சத்தம் கேட்டால் சிலருக்குச் சந்தோஷம் வரும். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வயிற்றைப் பிரட்டும். இப்போதும் தீபாவளி சமயத்தில் யாராவது என்னிடம் வந்து, "ஏதோ வருஷத்துக்கு ஒருநாள், இதுக்கெல்லாமா போலீசுக்கும் பயர் ஸ்டேஷனுக்கும் போன் பண்ணுவாங்க?" என்று ஆரம்பித்தால், எழுந்து உள்ளே போய்விடுவேன். உட்கார்ந்து பேசினால் வாயில் வந்ததைப் பேசிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் மொத்தமே ஒரு போன்தான். அது எங்கள் அடுத்த வீட்டு அண்ணாச்சியிடம் இருந்தது. அவர் மளிகை மொத்த வியாபாரி. அந்தக் காலத்துப் போனில் எண் சுற்றுகிற வட்டம் கிடையாது. எடுத்துக் காதில் வைத்தால் எக்ஸ்சேஞ்சில் கேட்பார்கள், யார் வேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட போனை அண்ணாச்சி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குக் கதவு வைத்து, கதவுக்குப் பூட்டும் போட்டிருந்தார். சாவி அவருடைய இடுப்பில், பச்சை பெல்ட்டில், கடைச் சாவி கோடவுன் சாவியோடு சேர்ந்து தொங்கும்.

ஆத்திர அவசரத்துக்குத் தெருவே அந்தப் பெட்டி முன்னால் போய் நிற்கும். ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டுமா, வெளியூர்ச் சாவுக்குச் சொல்ல வேண்டுமா, அண்ணாச்சி கதவைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று முழுசையும் கேட்பார். கெட்ட மனுஷன் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் உதவிய மனுஷன்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அவருக்கு வெடிப் பைத்தியம். சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே கம்பெனிகளில் கழித்துப் போடுகிற சரக்கைப் பெட்டி பெட்டியாக இறக்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கோடவுனில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். லைசன்ஸாவது ஒன்றாவது. மகன் பாஸானால் வெடி. மகள் பெரியவளானால் வெடி. அவர் கட்சி ஜெயித்தால் வெடி, எதிர்க்கட்சிக்காரன் தோற்றால் அதற்குத் தனியாக வெடி. ஒருநாள் காலையில் ஒரு காரணமும் இல்லாமல் வெடித்தது. என்னவென்று கேட்டால், மாடு கன்று ஈன்றிருக்கிறதாம். கூத்தைப் பாருங்கள்.

வெடித்து முடித்ததும் தெருவைப் பார்க்க வேண்டுமே! சாக்கடையில் சிவப்புத் தாள் ஊறிக் கிடக்கும். கொடியில் காயப்போட்ட சேலையில் கரிப்பொட்டு விழுந்திருக்கும். சோற்றுப் பானையை மூடி வைத்தாலும் மருந்து நெடி உள்ளே இறங்கிவிடும். அந்த நாற்றத்தோடு ஒரு வாய் சாப்பிட முடியாது. எங்கள் தெருக்காரர்களோ அதை மூக்கை விரித்து இழுத்து, "அண்ணாச்சி வெடின்னா வெடிதான்" என்பார்கள். த்தூ!

கோடவுன் சுவரை ஒட்டினாற்போல் ஒரு ஓலைக் குடிசை. எங்கள் புறவாசலில் நின்றால் அதன் கூரை கைக்கெட்டும். அதில் பூக்கார அக்காவும் அவளுடைய புருஷனும் இருந்தார்கள். அந்த மனுஷன் அண்ணாச்சியிடம் மூட்டை தூக்கியவர். மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே ஒன்றும் வராமல் கட்டிலோடு கிடந்தார். அண்ணாச்சிதான் அந்த இடத்தைக் கொடுத்து, "உசுரு உள்ளவரைக்கும் இங்கனயே இருந்துக்கோ" என்று சொன்னார். அக்கா விடிவதற்குள் மொட்டு வாங்கிவந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சரம் கட்டி, கோவில் வாசலில் விற்றுவிட்டு வருவாள்.

வெடி போட்ட நாளில் அவளுடைய மல்லிகையெல்லாம் மருந்து வாடை அடிக்கும். வாங்குகிறவர்கள் மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். அதைவிடக் கொடுமை அவள் புருஷனுடைய கால். தானாக அசையாத அந்தக் கால், வெடிச் சத்தத்துக்கு மட்டும் வெடுக்கென்று இழுக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். அண்ணாச்சி ஒருநாள் அதை எட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தீயளா டீச்சர், டாக்டரு கைவிட்ட காலு. என் வெடிக்கு எப்படி ஆடுது பாத்தீயளா? இதுதான் வைத்தியம்!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கட்டிலில் கிடந்த மனுஷனும் சிரித்தார். இருக்க இடம் கொடுத்தவர் ஜோக் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்?

ஒருதடவை ராக்கெட் ஒன்று சாய்ந்து வந்து எங்கள் புறவாசலில், அந்தக் கூரைக்கு ஒரு கை தள்ளி விழுந்தது. நான் செருப்புக் காலால் மிதித்து அணைத்தேன். மறுநாள் பூக்கார அக்கா ஒரு முழம் பூவோடு வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க படிச்சவிய. நீங்க சொன்னா கேப்பாக. இந்த ராக்கெட்டு வாணத்த மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. வெடிய வேணும்னாலும் போட்டுக்கிடட்டும். ஓல காஞ்சு கெடக்கு. நான் கோவில் வாசல்ல இருக்கும்போது என்னமும் ஆச்சுன்னா இவுகள யாரு தூக்குவா?"

"நீங்களே சொல்லலாமே அக்கா. உங்க மேல அவருக்கு இரக்கம் உண்டே."

"அவுக எடத்துல இருந்துக்கிட்டு நான் எப்படிச் சொல்லுவேன்? மறுநா சட்டி பானையோட தெருவுலதான் நிக்கணும்."

நான் போனேன். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். மரியாதையாக எழுந்து, நாற்காலி போட்டு, கலர் சோடா உடைக்கச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். நிறுத்தவில்லையென்றால் நான் பயர் ஸ்டேஷனுக்கும் போலீசுக்கும் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"எந்தப் போன்ல இருந்து சொல்லுவீய?" என்று சிரித்தார். "இந்தா இருக்கு பெட்டி. தொறந்து தாரேன், பேசுங்க. ஆனா என்னன்னு சொல்லுவீய? தீ புடிச்சிருக்குன்னா? புடிக்கலியே. டீச்சர், போன்ங்கிறது ஆபத்துக்கு. தீ புடிச்சா ஆபத்து. புடிக்காட்டி சந்தோசம். சந்தோசத்துக்கெல்லாம் போன் பண்ணலாமா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். கேட்கிறதுக்கு நியாயம் போலத்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு நானே பாடம் நடத்துகிறேன், தீப்பிடித்தால் உடனே தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று. பிடிப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பாடத்தில் ஒரு வரி கிடையாது. சோடாவைத் தொடாமல் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து கேட்டுவிட்டு, "எதுக்கு இந்த வம்பு, நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா அவரு போன்தானே" என்றார். படித்த மனுஷன் பேசுகிற பேச்சு!

சித்திரை மாதம் பள்ளிக்கூடம் லீவில் இருந்தது. அண்ணாச்சி சொந்தமாக லாரி வாங்கியிருந்தார். பத்திரிகை அடிக்காத குறைதான். வெயில் தாழ்ந்ததும் வண்டியை வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் தெளித்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நாதஸ்வரம் வேறு. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சரவெடியை நீட்டிப் போட்டிருந்தார்கள். நான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, புறவாசலில் துணி துவைக்க உட்கார்ந்தேன்.

சரவெடி பற்றிக்கொண்டது. நடுவில் வாணங்கள் சீறிக்கொண்டு போகிற சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேறு மாதிரி ஒரு வாடை வந்தது. மருந்து வாடை இல்லை, ஓலை கருகுகிற வாடை. நிமிர்ந்து பார்த்தால், குடிசையின் முகட்டிலிருந்து புகை. அக்கா கோவில் வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. துவைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை வீசிப் பார்த்தேன், முகட்டுக்கு எட்டவில்லை.

"ஏசப்பா!" என்று கத்திக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சரவெடி ஓய்கிற வரைக்கும் ஒருத்தனும் என்னவென்று வந்து கேட்கவில்லை. நான் வாயைத் திறந்து கத்துவதைப் பார்த்து ஒருத்தர் சிரித்துக்கொண்டே கை அசைத்தார். அண்ணாச்சி வீட்டுக்குள் ஓடி அவர் மனைவியிடம், "மதினி, குடிசையில தீ! போனைத் தொறங்க!" என்றேன்.

"சாவி அவுககிட்டல்லா இருக்கு" என்றார் மதினி, கையில் ஆரத்தித் தட்டோடு. "அவுககிட்ட கேக்காம எப்படி?"

கூட்டத்துக்குள் புகுந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த ஊரில் ஒரு டீச்சர் ஆம்பிளையின் கையைப் பிடித்து இழுத்தது அன்றைக்குத்தான் நடந்திருக்கும். அவர் புகையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஏலே, கோடவுன்! கோடவுன் சொவத்துக்குத் தண்ணிய ஊத்துங்கலே!"

அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. ஆட்கள் குடங்களோடு ஓடினார்கள். அவர்களுக்கும் உள்ளே என்ன அடுக்கி வைத்திருக்கிறது என்று தெரியும். குழாயில் தண்ணீர் வராத நாள். வீட்டுக்கு வீடு சேர்த்து வைத்திருந்த தண்ணீர் அத்தனையும் கோடவுன் சுவரில் கொட்டப்பட்டது.

"உள்ள ஆளு கெடக்காரு! சாவியக் குடுங்க, போன் பண்ணணும்!" என்று நான் அலறினேன்.

"போனு எதுக்கு டீச்சர்? நாலு கொடம் ஊத்துனா அணஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். சாவி அவருடைய இடுப்பிலேயே போனது.

நான் தபாலாபீசுக்கு ஓடினேன். சேலை தடுக்கி ஒருதடவை விழுந்தேன். அங்கே இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் போனைக் கொடுத்தார்கள். நல்லா இருக்கட்டும் அவர்கள். தீயணைப்பு வண்டி வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். லைன் கிடைத்து, நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்முனையில் பேசியவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"அம்மா, பொதுப் போன்ல இருந்து தெனமும் ஒருத்தன் வெளையாட்டுக்குக் கூப்பிடுதான். அதனால கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுதான் வண்டி எடுப்போம். உங்க தெருவுல யாரு வீட்டுலயாவது போன் இருக்கா?"

இருக்கிறது என்றேன். தெருவில் இருக்கிறதே ஒரே போன், வேறு எந்த நம்பரைச் சொல்ல? சொன்னேன். "சரிம்மா, இப்பவே கேட்டுட்டுக் கெளம்புதோம்" என்றார்.

திரும்ப ஓடி வந்தபோது கூரை முழுவதும் பிடித்துவிட்டது. கோடவுன் சுவர் நன்றாக நனைந்து பளபளவென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் ரெண்டு பேர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே புகுந்து கட்டிலை இழுத்தார்கள். முகட்டுக் கட்டை ஒன்று ஏற்கெனவே அவர் மேல் விழுந்திருந்தது. கால் பக்கம் எரிந்தது அவருக்குத் தெரியவே இல்லையாம். மார்பிலும் கழுத்திலும் பட்டதுதான் தெரிந்திருக்கிறது. அவர் கத்திய கத்து சரவெடியில் யாருக்குக் கேட்டிருக்கும்?

எனக்கு ஒரே நினைப்பு, வண்டி வந்துவிடும், வந்தால் இவரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று. தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி பக்கத்தில் வந்தார்.

"வண்டி வராது டீச்சர். போன் வந்துச்சு. அணைச்சாச்சு, வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவர் முதுகுக்குப் பின்னால் கூரை சரிந்து விழுந்தது.

"என்ன சொன்னீய?"

"பயர் வண்டி வந்தா பின்னாலயே போலீசு வரும். கோடவுனத் தொறன்னுவான். நாளைக்கு நானும் என் புள்ளைகளும் கோர்ட்டு வாசல்ல நிக்கவா? ஒரு ஓலக் குடிசைக்கு. புதுசு கட்டிக் குடுத்துட்டுப் போறேன். நான் என்ன ஓடியா போயிருவேன்?"

ஒரு ஆளும் அவரைக் கேட்கவில்லை. "அண்ணாச்சி சொல்லுததும் சரிதான், தெருவுக்குள்ள போலீசு வந்தா நமக்குத்தான் கேவலம்" என்றார் ஒருத்தர். ஒரு மனுஷன் தோல் உரிந்து கிடக்கிறான், இவர்களுக்குக் கேவலம் போலீசு வருவதில் இருக்கிறது. எனக்கு அங்கேயே வாந்தி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்த லாரியில ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்றேன். லாரி மாலையும் சந்தனமுமாக வாசலில்தான் நின்றது. டிரைவர் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தான். மதினி வாசலிலிருந்தே, "பூசை போட்ட வண்டி டீச்சர், மொத சவாரி கோயிலுக்குல்லா போணும்!" என்று பதறினார். அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. எலுமிச்சம்பழம் இன்னும் நசுங்காமல் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. கடைசியில் கட்டிலோடு நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு நடந்தார்கள். யாரோ சொல்லி, பூக்கார அக்கா கூடையைப் போட்டுவிட்டு எதிரே ஓடி வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "மெதுவாத் தூக்குங்க, மெதுவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு கூடவே ஓடினாள்.

அங்கிருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வாரம் முடிவதற்குள் உயிர் போய்விட்டது. வண்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் டாக்டரா? வர விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பிணத்தைக் கொண்டுவந்து, எரிந்த இடத்துக்கு முன்னால் பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். பந்தல், மேளம், வந்தவர்களுக்குக் காபி எல்லாம் அண்ணாச்சி செலவு. ஊரே அவரைப் பற்றித்தான் பேசியது, பெத்த தகப்பன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று. அவரும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஓடி ஓடிப் பார்த்தார். நடிப்பு என்றும் சொல்ல முடியாது, கண் சிவந்துதான் இருந்தது. நடிப்பாக இருந்தாலாவது என்னால் காறித் துப்பியிருக்க முடியும்.

அப்போதுதான் பார்த்தேன், பாடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய வெடி. சவ ஊர்வலத்துக்கு முன்னால் போடுவதற்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே பூக்கார அக்காவிடம் போனேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் தலைவிரி கோலமாக, தொண்டை கட்டிப்போய்க் கிடந்தாள்.

குனிந்து காதில் சொன்னேன். "அக்கா, இந்த எழவு வெடி வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா யாரும் தட்ட முடியாது. மீறிப் போட்டா நான் இப்பவே போய்ப் போலீசைக் கூட்டிட்டு வாரேன். எவன் தடுக்கான்னு பாக்கேன்."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு சொல்லிராதீய டீச்சர். வேட்டுச் சத்தம் இல்லாம எடுத்தா நாதியத்த பொணம்னு சொல்லுவாக. இவுக அப்படியா? ஊரு மூட்டையெல்லாம் சொமந்த மனுசன். போகும்போதாவது நாலு பேரு திரும்பிப் பாக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் சொன்னாள். "இந்தப் பெட்டி தெருமுக்குக்கே தீந்துருமாம். சுடுகாட்டுக்கு எம்புட்டு தூரம் கெடக்கு. எனக்குக் கேக்க வாய் வரல. நீங்க அண்ணாச்சிகிட்ட சொல்லி இன்னொரு பெட்டி வாங்கித் தாரீயளா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அண்ணாச்சி நின்ற இடத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் ஒரு அடி பின்னால் வைத்தார், திட்டத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பார்.

"இன்னொரு பெட்டி வேணுமாம்" என்றேன்.

அவர் பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கோடவுனைத் திறக்கப் போனார்.